ஊரான் பிள்ளையும் நம் வீட்டுப் பிள்ளையும்

பல்கலைக்கழகங்களில் நீண்ட விடுமுறை நெருங்கும்போதெல்லாம் இந்தப் பக்கத்துக்கு ஒரே மாதிரியான கேள்விகள் வருகின்றன. வெளிநாட்டுக்குப் போய்த் தொண்டூழியம் செய்ய ஆசை. எந்த அமைப்பில் சேரலாம்? எவ்வளவு செலவாகும்? பின்னாளில் வேலைக்கு மனுச் செய்யும்போது அது உதவுமா? கேட்பவர்களில் பெரும்பாலோர் முதலாம், இரண்டாம் ஆண்டு மாணவர்கள். அண்மைக் காலமாக எஸ்.பி.எம். எழுதிவிட்டுக் காத்திருப்பவர்களும் கேட்கிறார்கள்.

ஆசை நல்லதுதான். ஒரு காலத்தில் நம் தோட்டப்புறப் பிள்ளைகளுக்குக் கோலாலம்பூரே வெகு தூரம். இன்று அதே தோட்டத்துப் பேரப் பிள்ளைகள் கம்போடியாவுக்கும் நேப்பாளத்துக்கும் இந்தோனேசியாவுக்கும் பிறருக்கு உதவப் போகிறோம் என்று பெட்டி கட்டுகிறார்கள். இதைக் கண்டு மகிழாமல் இருக்க முடியுமா?

ஆனால், அப்படிப் போய்த் திரும்பிய ஒரு மாணவி நம்மிடம் சொன்ன அனுபவம், பதில் சொல்லும் முன்பு நம்மைச் சற்று யோசிக்க வைத்தது.

அவர் பேராக், சுங்கை சிப்புட் வட்டாரத்தில் ஒரு தோட்டத்தைச் சேர்ந்தவர். இரண்டாம் ஆண்டு மாணவி. ஓர் அனைத்துலக இளைஞர் அமைப்பின் மூலம் கம்போடியாவின் சியாம் ரீப் மாநிலத்துக் கிராமம் ஒன்றுக்கு ஆறு வாரம் ஆங்கிலம் கற்பிக்கப் போனார். கட்டணம், விமானச் சீட்டு, சாப்பாடு எல்லாம் சேர்த்து ஏறத்தாழ 3,000 வெள்ளி. பேரங்காடியில் பகுதி நேரமாகக் காசாளர் வேலை பார்த்துப் பாதியைச் சேர்த்தார். மீதியை அப்பா, மிகைநேர வேலை செய்து கொடுத்தார்.

தீபாவளிக்கு வீட்டுக்கு வந்தவர், உறவினர்கள் சூழ உட்கார்ந்து கைப்பேசியில் இருந்த படங்களைக் காட்டினார். கரும்பலகைக்கு முன்னால் சிரிக்கும் பிள்ளைகள், வயல் வரப்பு, மழையில் நனைந்த பள்ளிக்கூடம். எல்லாவற்றையும் பார்த்துவிட்டு அப்பா கேட்டார்: "அவ்ளோ தூரம் போயி சொல்லிக் குடுத்திருக்க, நல்லதும்மா. நம்ம எதிர் வீட்டுப் புள்ளைங்க ரெண்டும் இன்னும் வாசிக்கத் தெரியாம இருக்குதுங்களே, அதுங்களுக்கு என்னைக்காவது ஒரு நாள் சொல்லிக் குடுத்திருக்கியா?"

"அப்பா திட்டியிருந்தால் நானும் ஏதாவது பதிலுக்குப் பேசியிருப்பேன். அவர் சாதாரணமாகத்தான் கேட்டார். எனக்குத்தான் பதில் இல்லை" என்றார் அந்த மாணவி.

வெளிநாட்டுத் தொண்டூழியத்துக்குப் போக நினைக்கும் ஒவ்வொரு மாணவரும் அந்த அப்பாவின் கேள்விக்கு முன்னால் ஒரு நிமிடம் நிற்க வேண்டும் என்று நமக்குத் தோன்றுகிறது.

வாங்கிய கை

பிற நாட்டு இளைஞர்கள் இன்னொரு நாட்டுக்குப் போய் உழைப்பது புதிய வழக்கம் அல்ல. முதல் உலகப் போர் முடிந்த பிறகு, 1920இல், பியேர் செரெசோல் என்ற சுவிட்சர்லாந்துப் பொறியியலாளர் பிரான்சின் வெர்டன் போர்க்களத்துக்கு அருகே நாசமாகிக் கிடந்த எஸ்ன் என்ற கிராமத்தில் ஒரு முகாம் தொடங்கினார். பல நாட்டவர் சேர்ந்து தங்குமிடம் கட்டினார்கள், சாலையைச் செப்பனிட்டார்கள், நிலத்தைச் சீராக்கினார்கள். அவர்களில் ஜெர்மானியரும் இருந்தனர். சில ஆண்டுகளுக்கு முன்புதான் எதிரியாகப் போரிட்ட நாட்டவர். உள்ளூரில் எதிர்ப்புக் கிளம்பியதால் அந்த முகாமைச் சில மாதங்களில் மூட வேண்டியதாயிற்று. நோக்கம் எவ்வளவு உயர்ந்ததாக இருந்தாலும், அந்த ஊர் மக்கள் மனமுவந்து ஏற்காத தொண்டு நிலைக்காது என்ற பாடம் முதல் முகாமிலேயே கிடைத்துவிட்டது.

நம் நாட்டுக்கும் இதில் பங்கு உண்டு; கொடுப்பவராக அல்ல, பெறுபவராக. 1958இல் பிரிட்டனில் அலெக் டிக்சன் தொடங்கிய வி.எஸ்.ஓ. அமைப்பின் முதல் இளைஞர்களில் சிலர் வந்து இறங்கிய இடம் சரவாக். 1962 ஜனவரியில் அமெரிக்க அமைதிப் படையின் முதல் குழு மலாயாவுக்கு வந்தது. 1983இல் அந்தத் திட்டம் முடியும்வரை ஆயிரக்கணக்கான இளம் அமெரிக்கர்கள் இங்கே அறிவியல், கணித ஆசிரியர்களாகவும் தாதியர்களாகவும் கிராமப்புறப் பணியாளர்களாகவும் வேலை செய்தார்கள். 1966இல் ஜப்பானியத் தொண்டூழியர்களும் வந்தார்கள். உங்கள் தாத்தா பாட்டி காலத்தில் இடைநிலைப்பள்ளியில் படித்தவர்களைக் கேட்டுப் பாருங்கள். "எங்களுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்தது ஒரு வெள்ளைக்காரப் பையன்" என்று நினைவுகூர்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

அந்த அமைதிப் படை இளைஞர்கள் பொதுவாக ஈராண்டு தங்கினார்கள். வேலையைத் தொடங்கும் முன்பு மலாய் மொழி கற்றார்கள். நம் ஊர்ச் சாப்பாட்டைச் சாப்பிட்டு, நம் மழையில் நனைந்து, இங்குள்ள தலைமையாசிரியர்களுக்குக் கீழே வேலை செய்தார்கள். யாருக்கு என்ன தேவை என்பதை இந்த நாடு சொன்னது; அவர்கள் செய்தார்கள்.

இன்றைய மாணவர்கள் போகும் பயணங்கள் பெரும்பாலும் இரண்டு வாரம், மிஞ்சினால் எட்டு வாரம். மொழி தெரியாது. ஊர் தெரியாது. இதைக் குறையாகச் சொல்லவில்லை. விடுமுறை அவ்வளவுதானே கிடைக்கிறது? ஆனால் ஈராண்டில் செய்யக்கூடியதை ஆறு வாரத்தில் செய்துவிடலாம் என்ற எண்ணத்தோடு புறப்படக் கூடாது.

ஐந்தாவது குழு

நம் மாணவிக்கு இது முதல் நாளே தெரிந்துவிட்டது. கம்போடியாவில் தொடக்கப்பள்ளிகள் பலவற்றில் பிள்ளைகள் அரை நாள்தான் படிக்கிறார்கள். ஒரு பிரிவு காலையில், மறு பிரிவு பிற்பகலில். மீதி அரை நாளில் வரும் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் சொல்லிக் கொடுப்பதுதான் அவருடைய வேலை. இரவெல்லாம் உட்கார்ந்து எழுத்து அட்டைகளும் வண்ண அட்டைகளும் செய்துகொண்டு போனார். முதல் அட்டையைத் தூக்கியதும் வகுப்பே ஒரே குரலில் இருபத்தாறு எழுத்தையும் பாடி முடித்துவிட்டது. அடுத்து வண்ணங்கள், அதற்கடுத்து விலங்குகள். எல்லாம் மனப்பாடம். ஆனால் ஒரு சின்ன வாக்கியத்தைக் கரும்பலகையில் எழுதினால் வாசிக்க ஆளில்லை.

அந்தப் பள்ளியின் ஆசிரியர் சிரித்துக்கொண்டே சொன்னாராம்: "நீங்கள் ஐந்தாவது குழு. ஒவ்வொரு குழுவும் முதல் எழுத்திலிருந்துதான் தொடங்குகிறது. விலங்கு வரைக்கும் வருகிறது. அதற்குள் விமானம் வந்துவிடுகிறது."

அன்றிரவு அந்த மாணவி அழுதார். மறுநாள் ஒரு நல்ல காரியம் செய்தார். அட்டைகளை எடுத்து வைத்துவிட்டு ஆசிரியரிடமே போய், "உங்களுக்கு என்ன வேண்டும்?" என்று கேட்டார். ஆசிரியர் கேட்டது பெரிதாக ஒன்றுமில்லை. ஒரு தடித்த நோட்டுப் புத்தகம். எந்தப் பிள்ளைக்கு எதுவரை வரும், எந்த நாளில் எது சொல்லிக் கொடுக்கப்பட்டது, எங்கே நிறுத்தினோம் என்று நாள்தோறும் எழுதி வைத்துவிட்டுப் போனால் அடுத்த குழு அங்கிருந்து தொடங்கலாம். ஆறு வாரமும் அவர் அதை எழுதினார். மாலையில் ஆசிரியருக்கே ஆங்கில உச்சரிப்புப் பழக உதவினார். ஏனென்றால் ஆசிரியர் எங்கும் போய்விடமாட்டார். அவருக்குத் தெரிந்தால் பிள்ளைகளுக்குத் தொடர்ந்து கிடைக்கும்.

"நான் அங்கே உருப்படியாகச் செய்தது அந்த நோட்டுப் புத்தகம் ஒன்றுதான்" என்கிறார். அது சின்னக் காரியமில்லை என்றே நாம் நினைக்கிறோம்.

போகும் முன்பு கேளுங்கள்

எனவே, எந்த அமைப்பில் சேரலாம் என்று நம்மைக் கேட்கும் மாணவர்களுக்கு, அமைப்பின் பெயரைவிட அமைப்பிடம் கேட்க வேண்டிய கேள்விகளைத் தருவதே பொறுப்பு என்று கருதுகிறோம்.

முதல் கேள்வி: உங்களை அழைத்தவர் யார்? அந்தப் பள்ளியோ கிராமமோ கேட்டதால் அனுப்புகிறார்களா, அல்லது அனுப்ப மாணவர்கள் இருப்பதால் கிராமத்தைத் தேடுகிறார்களா?

இரண்டாவது: உங்களுக்கு முன்பு போன குழு என்ன செய்தது? உங்களுக்குப் பின் யார் தொடர்வார்கள்? இதற்குப் பதில் இல்லாத அமைப்பு உங்களை ஐந்தாவது குழுவாக்கும், அல்லது ஆறாவது குழுவாக்கும்.

மூன்றாவது: உங்கள் கட்டணத்தில் எவ்வளவு அந்த ஊருக்குப் போகிறது? தங்க வைக்கும் குடும்பத்துக்கு என்ன கொடுக்கிறார்கள்? கணக்கு காட்டத் தயங்குபவர்களிடம் பணம் கட்டத் தயங்குங்கள்.

நான்காவது: அந்த வேலையை இங்கே செய்ய உங்களுக்குத் தகுதி உண்டா? நம் நாட்டு மருத்துவமனையில் உங்களை ஊசி போட விடமாட்டார்கள் என்றால், இன்னொரு நாட்டு ஏழைக்கும் நீங்கள் ஊசி போடக் கூடாது.

ஐந்தாவது, பிள்ளைகள் இல்லம் பற்றியது. கம்போடியாவில் சுற்றுப்பயணிகள் பெருகப் பெருக, பிள்ளைகளைத் தங்க வைத்துப் பராமரிக்கும் இல்லங்களும் பெருகின. அங்கிருந்த பிள்ளைகளில் பெரும்பாலோருக்குத் தாயோ தந்தையோ உயிரோடு இருந்தது ஆய்வுகளில் வெளிவந்தது. நன்கொடையும் தொண்டூழியர்களும் வருவதற்காகவே பிள்ளைகள் குடும்பத்தைவிட்டுப் பிரிக்கப்பட்டார்கள். பிள்ளைகள் சுற்றுலாக் காட்சிப் பொருள் அல்ல என்று 2011இல் அங்கேயே ஒரு விழிப்புணர்வு இயக்கம் தொடங்கியது. 2019இல் ஐ.நா. பொதுச்சபையும் இதைப் பற்றி நாடுகளை எச்சரித்தது. ஆகவே, பின்னணி விசாரணை எதுவுமின்றி, யார் வேண்டுமானாலும் இரண்டு வாரம் வந்து பிள்ளைகளைத் தூக்கிக் கொஞ்சலாம் என்று அழைக்கும் இடத்துக்குப் போகாதீர்கள். இரண்டு வாரம் ஒட்டிக்கொண்டு பிறகு மறைந்துபோகும் அக்காக்களும் அண்ணன்களும் அந்தப் பிள்ளைகளுக்கு வேண்டாம்.

கடைசியாக, உங்கள் பாதுகாப்பு. கம்போடியா என்றதும் பெற்றோர் பயப்படுவதில் நியாயம் உண்டு. நல்ல சம்பளம் என்று நம்பிப் போய் இணைய மோசடிக் கும்பல்களிடம் சிக்கிய மலேசிய இளைஞர்களின் செய்தி 2022 முதல் நாளேடுகளில் தொடர்ந்து வந்திருக்கிறது. எந்த வகை விசாவில் போகிறீர்கள், எந்த முகவரியில் தங்குவீர்கள், அங்கே பொறுப்பாளர் யார் என்பதை எழுத்தில் வாங்கி வீட்டில் கொடுங்கள். நம் தூதரகத்துக்கும் தகவல் சொல்லிவிட்டுப் போங்கள். கடப்பிதழை எவர் கேட்டாலும் கொடுத்து வைக்காதீர்கள். உங்கள் பல்கலைக்கழகத்தின் மாணவர் விவகாரப் பிரிவுக்குத் தெரியாத பயணமாக அது இருக்க வேண்டாம்.

பிண்டமும் படையலும்

இத்தனை எச்சரிக்கையும் சொல்லிவிட்டு, பிறகு ஏன் போக வேண்டும் என்று நீங்கள் கேட்கலாம். அதற்கும் அந்த மாணவியின் அனுபவத்திலேயே பதில் இருக்கிறது.

அவர் தங்கிய வீட்டில் ஒரு மூதாட்டி இருந்தார். கெமர் மொழியில் பாட்டியை 'யாய்' என்பார்கள். மாலையில் வகுப்பு முடிந்து வந்ததும் யாய் கேட்கும் முதல் கேள்வி, சோறு சாப்பிட்டாயா என்பதுதான். 'ஞாம் பாய்' என்ற அந்த இரண்டு சொல்லும் சீக்கிரமே பழகிவிட்டன. அவருடைய அம்மாவும் தினமும் இரவில் தொலைபேசியில் அழைத்து இதையேதான் கேட்பார். அம்மாவுக்கு "ம்ம்" என்று ஒரு முனகலைப் பதிலாகக் கொடுத்து வந்தவர், யாய்க்கு மட்டும் தப்பும் தவறுமான கெமர் மொழியில் என்ன சாப்பிட்டேன், ருசி எப்படி என்று விளக்கிச் சொல்லிக்கொண்டிருந்தார். நான்காவது வாரம்தான் அது அவருக்கே உறைத்தது.

பயணத்தின் கடைசி நாள்களில் 'ப்சும் பென்' வந்தது. கம்போடியர்கள் இறந்துபோன முன்னோரை நினைத்துப் பதினைந்து நாள் கடைப்பிடிக்கும் பெருநாள் அது. 'பென்' என்ற சொல் நம் 'பிண்டம்' என்ற சொல்லோடு ஒரே வேரிலிருந்து வந்தது. கடைசி நாள் நம் மகாளய அமாவாசையை ஒட்டியே வரும். நாம் தீபாவளிக்குப் பாலேக் கம்போங் போவதுபோல், பினோம் பென் தையல் தொழிற்சாலைகளில் வேலை செய்யும் பிள்ளைகள் எல்லாரும் அந்த நாளில் கிராமத்துக்குத் திரும்புவார்கள். விடிவதற்கு முன்பே விகாரைக்குப் போய், இருட்டில் சுற்றி வந்து, முன்னோருக்காகச் சோற்றுருண்டைகளைப் போடுவார்கள். இறந்தவர்கள் ஏழு விகாரைகளில் தங்கள் உறவினரைத் தேடி வருவார்கள் என்பது நம்பிக்கை. எவரும் தங்களை நினைக்கவில்லை என்றால் மனம் நொந்து திரும்புவார்களாம்.

யாய், ஆங்கிலம் கொஞ்சம் தெரிந்த பேரன் மூலம் மாணவியிடம் சொன்னார்: "உன் வீட்டில் இறந்தவர்களின் பெயரைச் சொல். அவர்களுக்கும் ஓர் உருண்டை வைக்கிறேன்."

தாத்தாவின் பெயரைச் சொன்னார். "அவருடைய அப்பா பெயர்?" என்று யாய் கேட்டார். தெரியவில்லை. "பாட்டியின் அம்மா?" அதுவும் தெரியவில்லை. யாய் ஒன்றும் சொல்லவில்லை. பெயர் இல்லாமலே இன்னும் இரண்டு உருண்டை பிடித்து வைத்தார்.

"எனக்கு வெட்கமாக இருந்தது. அந்த ஊர் ஆசிரியரின் தேவையைக் கேட்கத் தெரிந்த எனக்கு, என் பாட்டியிடம் ஒரு கேள்வி கேட்கத் தோன்றவில்லையே" என்றார் அந்த மாணவி.

தீபாவளிக்கு முதல் நாள் மாலை, பாட்டி வழக்கம்போல் படையல் போட்டார். தாத்தா படத்துக்கு முன்னால் வாழையிலையில் சோறு, கோழிக் கறி, முறுக்கு, அதிரசம். பக்கத்தில் அப்பாவுக்கு எடுத்த புதுச் சட்டை. மற்ற ஆண்டுகளில் கும்பிட்டுவிட்டுக் கைப்பேசியோடு ஒதுங்கிவிடும் பேத்தி, இந்த முறை பக்கத்தில் உட்கார்ந்து பெயர்களைக் கேட்டார். பாட்டிக்கு எழுபத்தாறு வயது. பழையது நன்றாக நினைவிருக்கிறது. நேற்று நடந்தது மறந்துபோகிறது. சேலம் பக்கத்துக் கிராமத்திலிருந்து ரஜுலா கப்பலில் பினாங்கு வந்து இறங்கிய மாமனார் பெயரைச் சொன்னார். விடியற்காலை பிரட்டுக்கு ஓடியது, உளியும் வாளியுமாக மலைக் காட்டில் மரம் வெட்டப் போனது, பேறுகாலத்தில் இறந்துபோன அக்காள் என்று ஒவ்வொன்றாக வந்தது. பேத்தி நோட்டுப் புத்தகத்தில் எழுதிக்கொண்டார். இரவு பத்து மணிக்குப் பாட்டி, "இத்தன வருஷமா யாரும் கேக்கலியே கண்ணு" என்றாராம்.

வெளிநாட்டுப் பயணம் உண்மையாக என்ன தருகிறது என்று கேட்டால், இதைத்தான் சொல்வோம். அங்கே நமக்கு எதுவும் தெரியாது என்பதால் எல்லாவற்றையும் கேட்கிறோம். கேட்டு, பார்த்து, பொறுத்து நடக்கப் பழகுகிறோம். வீட்டில் எல்லாம் தெரியும் என்ற நினைப்பில் எதையும் கேட்பதில்லை. அங்கே பழகிய பழக்கத்தை வீட்டு வாசலில் செருப்போடு கழற்றிப் போட்டுவிடாமல் உள்ளே கொண்டுவந்தால், அந்த 3,000 வெள்ளி வீண் செலவல்ல.

அப்பாவின் கேள்விக்கு

"முதலில் வீட்டைப் பார், பிறகு ஊரைப் பார்க்கலாம்" என்று சொல்பவர்கள் நம் சமுதாயத்தில் நிறைய இருக்கிறார்கள். அவர்களில் பலர் வீட்டையும் பார்ப்பதில்லை, ஊரையும் பார்ப்பதில்லை என்பது வேறு கதை. ஆனால் இந்த அப்பா அந்த வகையில்லை. மகளை அனுப்புவதற்காக மிகைநேரம் உழைத்தவர். அதனால் அவருடைய கேள்விக்கு மரியாதையான பதில் தர வேண்டும்.

ஊரான் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் தன் பிள்ளை தானே வளரும் என்பது நம் பழமொழி. கர்ப்பிணியாக இருக்கும் மனைவியை, ஊரான் பெற்ற அந்தப் பிள்ளையை, நன்றாக ஊட்டி வளர்த்தால் வயிற்றில் இருக்கும் தன் பிள்ளை தானாக வளரும் என்று பெரியவர்கள் இதற்கு விளக்கம் சொல்வார்கள். எப்படிப் பார்த்தாலும், ஊரான் பிள்ளைக்கு ஊட்டும் கைதான் தன் பிள்ளைக்கும் ஊட்டுகிறது. ஒன்றுக்காக மற்றொன்றை விட வேண்டும் என்று பழமொழி சொல்லவில்லை. ஆனால் அது இரண்டு பிள்ளையைப் பற்றியும் பேசுகிறது. ஊரான் பிள்ளைக்கு மட்டும் ஊட்டிவிட்டு, படம் எடுத்துப் போட்டுவிட்டு, தன் பிள்ளை தானே வளரட்டும் என்று விட்டுவிடுவதற்கு அதில் இடமில்லை.

நம் வீட்டுப் பிள்ளைகளுக்குத் தேவை இல்லை என்று எவரும் சொல்ல முடியாது. தோட்டங்கள் துண்டாடப்பட்டும் விற்கப்பட்டும் பட்டணத்து அடுக்குமாடிகளுக்குக் குடிபெயர்ந்த குடும்பங்களில், அப்பாவும் அம்மாவும் வேலை முடிந்து வரும் வரை பூட்டிய கதவுக்குள் இருக்கும் பிள்ளைகளை நாம் எல்லாரும் பார்த்திருக்கிறோம். நாடு முழுவதும் ஐந்நூற்றுக்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் இருக்கின்றன. அவற்றில் படித்து வெளியேறி, இடைநிலைப்பள்ளியின் புகுமுக வகுப்பிலும் படிவம் ஒன்றிலும் மொழி மாறும்போது தடுமாறும் பிள்ளைகளுக்கு, அதே தடுமாற்றத்தைக் கடந்து வந்த ஓர் அக்காவோ அண்ணனோ சொல்லிக் கொடுப்பதற்கு ஈடு எதுவும் இல்லை.

இதற்கு முன்மாதிரி தேடி வெளிநாட்டுக்குப் போக வேண்டியதில்லை. 1982இல் மலாயாப் பல்கலைக்கழக விரிவுரையாளர் டாக்டர் தம்பிராஜா தொடங்கிய ஸ்ரீ முருகன் நிலையம் நம் கண்முன் இருக்கிறது. வார இறுதி வகுப்புகளில் பல்கலைக்கழக மாணவர்கள் வந்து, தங்களைவிடச் சில வயதே இளையவர்களுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தார்கள். அங்கே படித்துத் தேறியவர்களே பிறகு கற்பிக்கவும் வந்தார்கள். கம்போடியக் கிராமத்து ஆசிரியர் கேட்ட தொடர்ச்சி என்பது இதுதான். ஒரு குழு விட்ட இடத்தில் அடுத்த குழு பிடித்துக்கொள்கிறது.

வீட்டுக்குப் போகும்போது

அடுத்த விடுமுறைக்கு வீட்டுக்குப் போகும் மாணவர்களுக்கு, வெளிநாடு போனவரானாலும் போகாதவரானாலும், சில வேண்டுகோள்கள்.

பாட்டியோ தாத்தாவோ இருந்தால், ஒரு மாலை நேரம் பக்கத்தில் உட்கார்ந்து பெயர்களையும் ஊர்களையும் கேட்டு எழுதுங்கள். அவர்களைத் தவிர வேறு எங்கும் அது எழுதப்பட்டிருக்கவில்லை.

மருந்தகத்திலிருந்து வரும் கடிதம், நில வரி, மின்சாரக் கட்டணம் என்று வீட்டில் எவருக்கும் புரியாமல் அலமாரி மேல் கிடக்கும் காகிதங்களை எடுத்து வாசித்துச் சொல்லுங்கள். அந்நிய நாட்டில் படிவம் நிரப்பிக் கொடுத்தால் அதற்குத் தொண்டு என்று பெயர் சூட்டிச் சான்றிதழ் வாங்குகிறோமே, இதுவும் அதுதான்.

நீங்கள் படித்த தமிழ்ப்பள்ளிக்கு ஒரு நாள் போங்கள். தலைமையாசிரியரிடம், நான் இதைச் செய்யப் போகிறேன் என்று சொல்லாமல், என்ன வேண்டும் என்று கேளுங்கள். நூலகத்தில் புத்தகம் அடுக்க ஆள் வேண்டும் என்று சொன்னால், அதையே செய்யுங்கள்.

சொல்லிக் கொடுக்கத் தொடங்கினால், நீங்கள் பல்கலைக்கழகத்துக்குத் திரும்பிய பிறகு யார் தொடர்வார்கள் என்பதை முதல் நாளே முடிவு செய்யுங்கள்.

கடைசி வேண்டுகோளை நம் மாணவியிடமிருந்தே எடுத்தோம். தீபாவளி விடுமுறையின் மூன்றாம் நாள், எதிர் வீட்டுப் பிள்ளைகள் இருவரையும் வாசலில் பாய் போட்டு உட்கார வைத்தார். எட்டு வயதுப் பையன், ஏழு வயதுத் தங்கை. அட்டை எதுவும் காட்டவில்லை. முதலில் அவர்களுடைய பள்ளிப் புத்தகத்தைத் திறந்து, எதுவரை வாசிக்க வருகிறது என்று பொறுமையாகக் கேட்டு, ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதினார். தான் மாதம் இரு முறைதான் வீட்டுக்கு வர முடியும் என்பதால், அதே வரிசையில் குடியிருக்கும் படிவம் நான்கு மாணவிகள் இருவரைப் பேசிச் சேர்த்துக்கொண்டார். அவர் இல்லாத வாரங்களில் அவர்கள் வாசிக்க வைக்கிறார்கள். எங்கே நிறுத்தினார்கள் என்று நோட்டில் எழுதி வைக்கிறார்கள்.

எல்லாம் சிறப்பாக நடக்கிறது என்று சொல்லிவிட முடியாது. பையன் பந்து விளையாட ஓடிவிடுகிறான். தேர்வு வந்தால் படிவம் நான்கு மாணவிகளும் வருவதில்லை. தங்கை மட்டும் எழுத்துக் கூட்டி வாசிக்கத் தொடங்கியிருக்கிறாள். பாட்டி திண்ணையில் நாற்காலி போட்டு உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்கிறார். அப்பா ஒன்றும் சொல்லவில்லையாம். ஆனால் போன மாதம் வேலை முடிந்து வரும் வழியில், கடையில் நான்கு நோட்டுப் புத்தகமும் ஒரு பெட்டி பென்சிலும் வாங்கி வந்து பாயின்மேல் வைத்துவிட்டு உள்ளே போனார்.

ஐ.நா. பொதுச்சபை 2026ஆம் ஆண்டை நீடித்த வளர்ச்சிக்கான அனைத்துலகத் தொண்டூழியர் ஆண்டாக அறிவித்திருக்கிறது. ஆண்டுதோறும் டிசம்பர் 5 தொண்டூழியர் நாள். விழாக்கள் நடக்கும், உறுதிமொழிகள் எடுக்கப்படும், அழைப்புகள் உங்கள் கைப்பேசிக்கும் வரும். போக முடிந்தவர்கள் நல்ல அமைப்பாகப் பார்த்துத் தேர்ந்தெடுத்துப் போய் வாருங்கள். போய் வந்தவர்களும், போக வசதியில்லாதவர்களும், உங்கள் எதிர் வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று ஒரு முறை பாருங்கள். என்ன செய்தீர்கள், எங்கே தடுமாறினீர்கள் என்று இந்தப் பக்கத்துக்கு எழுதுங்கள். உங்களுக்குப் பின் வருபவர்கள் நீங்கள் விட்ட இடத்திலிருந்து தொடங்கட்டும்.